காய்கறியில் ருசி பிறக்குமா?

கேள்வி: 30 வயதாகியும் இலையில் காய்கறியை ஒதுக்கிவைக்கும் வழக்கம் என்னை விட்டபாடில்லை. விரும்பி உண்ணப் பழக வழியுண்டா? (வாசகர், மன்னார்குடி)

பதில்: உண்டு. காப்பியின் கசப்பை முதலில் முகஞ்சுளித்துக் குடித்தவர்களே பின்னர் அதுவின்றிப் பொழுது விடியாது என்னும் நிலையை அடைவதைப் பார்த்தால், நாவின் ருசி பெரும்பாலும் அப்பியாசத்தினால் வருவதென்பது விளங்கும். தவிரவும், பல சமயங்களில் தோஷம் காயினுடையதன்று, பாகத்தினுடையது. வெண்டைக்காயை முழுதாகக் கழுவி, ஈரம் போகத் துடைத்த பின்னரே நறுக்கி, வாயகன்ற வாணலியில் மூடாமல் வதக்கி, சிறிது புளித்தண்ணீர் தெளித்தால், தாங்கள் அஞ்சும் அந்த வழவழப்பு அடங்கிவிடும். பாகற்காயை மெல்லிய வில்லைகளாக அரிந்து, உப்புப் பிசறி, அரை மணி கழித்துப் பிழிந்துவிட்டுப் புளியும் வெல்லமும் கூட்டிச் சமைத்தால் கசப்பு தணிந்து நிற்கும். நெடுநேரம் வேகும் முட்டைக்கோசில் கந்தக வாடை கிளம்புமாதலின், அதைச் சட்டென்று வதக்கி இறக்குவதே உத்தமம்.

வாரத்துக்கு ஒரு காய் என்று நியமம் வைத்துக்கொண்டு, நல்ல பசி வேளையில், பிரியமான சாம்பார் சாதத்தோடு இரண்டே துண்டு உண்ணுங்கள். பிடிக்காவிட்டால் பலவந்தம் வேண்டாம், சில தினங்கள் கழித்து வேறு பக்குவத்தில் முயலுங்கள். அப்படியும் ஒன்றிரண்டு ஒத்துவராவிட்டால் பாதகமில்லை. சந்தையில் காய்களுக்கா பஞ்சம்?