முழங்கால் இரண்டும் மாற்றிய பின் அம்மா எங்கே இருப்பது?



நம்மவர்கள் பலெர்மோவில் வந்து குடியேறத் தொடங்கியது 1980களில். அன்று இளம் வயதில் வந்து, வீடு துடைத்தும், மாடிப்படி கழுவியும், முதியோரைத் தூக்கி இருத்தியும் குடும்பத்தைக் காத்தவர்களின் முழங்கால்கள் இன்று தேய்ந்துவிட்டன. பிள்ளைகளோடு இருப்பதற்கு ஊரிலிருந்து பின்னர் வந்த அம்மாமாரின் நிலையும் அதுவே. கோயிலில் விழுந்து கும்பிட்டவர் எழும்புவதற்கு இரண்டு பேர் கை கொடுப்பதை நாம் எல்லோரும் காண்கிறோம்.

செயற்கை மூட்டு வைக்க வேண்டும் என்று வைத்தியர் சொன்னதும், எந்த வைத்தியசாலை, எந்த மாதம் என்று வீட்டில் பேச்சுத் தொடங்கும். சத்திரசிகிச்சை முடிந்த பின் எங்கே இருப்பது என்ற கேள்வி மட்டும் கடைசி நாளில்தான் வரும். இந்தப் பாடம் அந்தக் கேள்வியைப் பற்றியது.

1. இது அம்மாவைக் கைவிடுவது அல்ல

இத்தாலியர் "ரியாபிலிதாசியோனே" என்று சொல்லும் உடற்பயிற்சிச் சிகிச்சை நிலையத்தை நம்மவர் சிலர் முதியோர் இல்லம் என்று எண்ணிவிடுகிறார்கள். "ஊராரின் அம்மாவை நான் பார்க்கிறேன், என் அம்மாவை வெளியில் விடுவதா?" என்று ஒரு மகள் கேட்கும்போது அதில் உள்ள வேதனை உண்மையானது. ஆனால் முதியோர் இல்லம் வாழும் இடம். பயிற்சி நிலையம் சில வாரம் பயிற்சி செய்து வீடு திரும்பும் இடம். 1998ஆம் ஆண்டு மே மாதம் வெளியான இத்தாலிய அரசின் வழிகாட்டலின்படி, தீவிரப் பயிற்சிப் பிரிவில் நோயாளிக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 3 மணி நேரமாவது சிகிச்சை தரப்பட வேண்டும். எவ்வளவு அன்பான மகளாலும் வேலைக்குப் போய்வந்து அதைச் செய்விக்க முடியாது.

2. ஒன்று மாற்றுவதும் இரண்டு மாற்றுவதும் ஒன்றல்ல

ஒரு முழங்காலை மட்டும் மாற்றியவர் வீட்டிலேயே நன்றாகத் தேறலாம் என்பது ஆய்வுகளில் தெளிவாகியிருக்கிறது. அவுஸ்திரேலியாவின் சிட்னியில் 165 பேரிடம் நடத்தி 2017இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியினர் 10 நாள் பயிற்சி வைத்தியசாலையில் இருந்துவிட்டு வீட்டுப் பயிற்சி செய்தார்கள். மற்றவர்கள் நேரே வீட்டுப் பயிற்சிக்குப் போனார்கள். 26 வாரம் சென்று 6 நிமிடம் நடக்கவிட்டுப் பார்த்தபோது இரு பகுதியினரும் சுமார் 400 மீற்றர் நடந்தார்கள். கனடாவின் ரொறன்ரோவில் 234 பேரிடம் நடத்திய ஆய்வும் (2008) இதே முடிவையே சொன்னது.

இந்த இரண்டு ஆய்வுகளும் ஒரே நேரத்தில் ஒரு மூட்டை மட்டும் மாற்றியவர்களைப் பற்றியவை என்பதைக் கவனியுங்கள். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது நோவுள்ள கால் முதலில் என்று பயிற்சியாளர் சொல்லித் தருவார். இரண்டையும் ஒரே நாளில் மாற்றியவருக்கு நல்ல கால் என்று ஒன்று இல்லை. கட்டிலிலிருந்து எழும்பவும், குளியலறைக்குப் போகவும் முதல் நாட்களில் இன்னொருவர் தேவை. அமெரிக்க அரசின் முதியோர் மருத்துவக் காப்புறுதி 2004இல் வகுத்த விதியும் இந்த வேறுபாட்டைக் காட்டுகிறது. பயிற்சி வைத்தியசாலைக்கு உரிய நோயாளர் பட்டியலில் மூட்டு மாற்றிய எல்லோரையும் அது சேர்க்கவில்லை. இரண்டையும் ஒன்றாக மாற்றியவர், 85 வயது நிறைந்தவர், மிகுந்த உடற்பருமன் உள்ளவர் ஆகியோரையே சேர்த்தது.

இன்னொரு வழியும் உண்டு. இந்தியப் பிரதமராக இருந்த வாஜ்பாய்க்கு 2000 ஒக்டோபரில் இடது முழங்காலும், 2001 ஜூனில் வலது முழங்காலும் மும்பையில் மாற்றப்பட்டன. இரண்டையும் ஒன்றாக மாற்றுவது இருதயத்துக்கும் சுவாசத்துக்கும் கூடிய சுமை. அதனால் ஒவ்வொன்றாக மாற்றலாமா என்பதையும் வைத்தியரிடம் கேளுங்கள்.

3. நமது வீடும் நமது வேலையும்

பலெர்மோவின் பழைய நகரப்பகுதியில், பல்லாரோ சந்தையைச் சுற்றி, மின்தூக்கி இல்லாத மாடி வீடுகளில் நம்மவர் பலர் குடியிருக்கிறார்கள். மூன்றாம் மாடிக்கு எப்படியோ ஏற்றிவிட்டாலும், தையல் வெட்டவும் வைத்தியரைக் காணவும் மீண்டும் இறக்க வேண்டும். வீட்டினுள் வழுக்கும் தளம், ஒடுங்கிய குளியலறை, தாழ்ந்த கட்டில் ஆகியவற்றையும் பாருங்கள்.

அடுத்தது, பகலில் வீட்டில் யார் இருப்பார்கள் என்பது. 1992ஆம் ஆண்டின் 104ஆம் இலக்கச் சட்டம், கடும் இயலாமை உடையவர் என அங்கீகாரம் பெற்ற உறவினரைப் பராமரிக்கும் தொழிலாளருக்கு மாதம் 3 நாள் சம்பளத்துடன் விடுமுறை தருகிறது. ஆனால் வீட்டு வேலை செய்பவர்களுக்கு அந்த விடுமுறை கிடையாது. நம்மில் மிகப் பலர் செய்வது அந்த வேலைதான். "நான் லீவு எடுத்துப் பார்ப்பேன்" என்று சொல்வதற்கு முன் இதை நினைவில் வையுங்கள்.

சத்திரசிகிச்சை செய்துகொள்பவரே வீட்டு வேலை செய்பவரானால் அவரும் கணக்குப் பார்க்க வேண்டும். 2020ஆம் ஆண்டு வீட்டு வேலையாளர் ஒப்பந்தத்தின்படி, ஒரே இடத்தில் 2 ஆண்டுக்கு மேல் பதிந்து வேலை செய்தவருக்கு நோயின்போது 180 நாள் வரை வேலை காக்கப்படும். சம்பளமோ ஆண்டுக்கு 15 நாளுக்குத்தான். ஒவ்வொரு நோயிலும் முதல் 3 நாள் அரைச் சம்பளம். குனிந்து நிமிரும் வேலைக்குத் திரும்பப் பொதுவாக மூன்று மாதம் அளவில் செல்லும்.

4. பயிற்சி நிலையம் என்று முடிவு செய்தால்

இடம் கேட்கும் கோரிக்கையை வைத்தியசாலை வைத்தியர் அனுப்புவதே இலகுவான வழி. ஆகவே வெளியேறும் நாள் வரை காத்திராமல், சத்திரசிகிச்சைக்கு முந்திய பரிசோதனை நாளிலேயே கேளுங்கள். பொதுச் சுகாதார சேவையில் பதிந்தவருக்கு, அதனோடு ஒப்பந்தமுள்ள நிலையத்தில் தங்குவதற்குக் கட்டணம் இல்லை. ஆனால் 2008 நவம்பருக்குப் பின் குடும்ப ஒன்றிணைவில் வந்த, 65 வயதைக் கடந்த பெற்றோருக்குத் தனிக் காப்புறுதியோ, பணம் கட்டிய பதிவோ தேவை. அம்மாவின் சுகாதார அட்டை எந்த வகை என்று முதலில் பாருங்கள்.

மொழி தெரியாத அம்மா அங்கே தனிமையில் வாடாதிருக்க, "தொலோரே" என்றால் நோ, "பாஞ்ஞோ" என்றால் குளியலறை, "ஆக்குவா" என்றால் தண்ணீர் என்று பெரிய எழுத்தில் தமிழில் எழுதிக் கட்டிலருகே வையுங்கள். சைவ உணவு வேண்டும் என்பதை முதல் நாளே சொல்லுங்கள். காயம் ஆறப் புரதம் வேண்டும். எனவே பருப்பும் பாலும் தயிரும் குறையாமல் பார்க்கவும். விரதங்களை அந்த வாரங்களில் தள்ளி வைக்கலாம். உறவினர் முறை வைத்து நாளுக்கு ஒருவராகப் போய்வந்தால் அவர் மனம் சோராது.

5. வீடு என்று முடிவு செய்தால்

முதல் இரண்டு மூன்று வாரம் இரவும் பகலும் பலமுள்ள ஒருவர் கூட இருக்க வேண்டும். "ஆதி" எனச் சுருக்கமாகச் சொல்லப்படும் வீட்டுப் பராமரிப்புச் சேவையில் தாதியும் பயிற்சியாளரும் வீட்டுக்கு வருவார்கள். அதற்குக் குடும்ப வைத்தியரிடம் விண்ணப்பியுங்கள். வாரம் எத்தனை தடவை வருவார்கள் என்பதையும் கேட்டு வையுங்கள். கைப்பிடியுள்ள உயரமான கதிரை, மலசலகூட இருக்கையை உயர்த்தும் பலகை, நடைச்சட்டம் ஆகியவற்றை முன்கூட்டியே எடுத்து வையுங்கள். காலில் சிக்கும் விரிப்புகளை அகற்றுங்கள்.

நம் வீடுகளில் பாசத்தால் செய்யும் இரண்டு பிழைகள் உண்டு. ஒன்று, நோகுதே என்று முழங்காலின் கீழ் தலையணை வைப்பது. அப்படியே கிடந்தால் கால் முழுதாக நீளாமல் போய்விடும். மற்றது, "நீங்கள் எழும்ப வேண்டாம், நான் கொண்டுவருகிறேன்" என்பது. நடந்தால்தான் மூட்டு இளகும், இரத்தம் கட்டியாகும் ஆபத்தும் குறையும். கெண்டைக்காலில் புதிதாக வீக்கமும் நோவும் வந்தாலோ, காயத்தில் சீழோ காய்ச்சலோ கண்டாலோ அன்றே வைத்தியரிடம் காட்டுங்கள். மூச்சுத் திணறலோ நெஞ்சு நோவோ வந்தால் உடனே 112ஐ அழையுங்கள்.

6. குடும்பமாகக் கூடிப் பேச வேண்டியவை

• இரண்டையும் ஒரே நாளிலா, தனித்தனியாகவா மாற்றுகிறார்கள்?
• வீட்டுக்கு எத்தனை படி? மின்தூக்கி உண்டா?
• காலை 7 மணியிலிருந்து மாலை வரை யார் வீட்டில்? அவர் பெயரைச் சொல்ல முடியுமா?
• நீரிழிவு, இருதய நோய் உண்டா?
• அம்மா என்ன விரும்புகிறார்? அவரிடம் கேட்டீர்களா?

இரண்டும் ஒரே நாளில், படி பல, பகலில் ஆள் இல்லை என்றால் முதலில் பயிற்சி நிலையம், பின் வீடு என்பதே நல்லது. கீழ்வீடோ மின்தூக்கியோ இருந்து, ஆளும் இருந்து, பயிற்சியாளரும் வருவாரென்றால் வீடு போதும்.

செப்டம்பர் 4ஆம் திகதி சாந்தா ரொசாலியா மாதாவிடம் மொந்தே பெல்லெகிரீனோ மலைக்கு நடந்து ஏறுபவர்களில் சைவரும் கத்தோலிக்கருமாக நம்மவர் பலர் இருப்பதை இந்நகரம் அறியும். முழுமையாகத் தேற ஓராண்டு வரை செல்லலாம் என்பதால், முதல் ஆண்டு அம்மா பேருந்திலேயே மேலே போகட்டும். கோயிலிலும் நிலத்தில் இருக்காமல் கதிரையில் இருந்து கும்பிடட்டும். அவர் தன் காலில் நடந்து வாசலுக்கு வருவதுதான் நமக்கு வேண்டியது. முதல் மூன்று வாரம் அவர் எந்தக் கட்டிலில் படுத்திருந்தார் என்பதை வைத்து எந்தப் பிள்ளையின் அன்பையும் அளக்க வேண்டாம்.