பழைய வரிப் பாக்கியும் பழைய ஜகாத் பாக்கியும்

ஜவ்வாது மலையடிவாரத்தில், ஆலங்காயம் பக்கத்து ஊர் ஒன்றுக்கு நாம் பயானுக்காகச் சென்றிருந்தோம். இஷாத் தொழுகைக்குப் பின் பெரியவர் ஒருவர் அருகில் வந்து அமர்ந்தார். இருபத்திரண்டு ஆண்டுகள் சவூதியில் உழைத்துத் திரும்பியவர், இருதய நோயாளி.

“ஹஜ்ரத்! ஊரிலுள்ள கடை வாடகைக்கு 2008-09 வருஷத்து வருமான வரி எட்டாயிரம் ரூபாய் பாக்கி நின்றது. நான் கட்டவில்லை. இப்போது அரசாங்கமே அதைத் தள்ளிவிட்டது என்கிறார்கள். அந்தப் பணம் எனக்கு ஹலாலா? அத்தனை வருஷத்து ஜகாத்தும் கொடுக்காமல் நிற்கிறது. அதுவும் இப்படித் தள்ளுபடி ஆகுமா?” என்று கேட்டார்.

வெளிநாட்டுச் சம்பாத்தியமுள்ள பல வீடுகளில் இந்தச் சந்தேகம் உண்டு. ஆகவே இங்கே விளக்குகிறோம்.

வரிப் பாக்கி

வெளிநாட்டில் குடியிருப்பவர் அங்கே பெற்ற சம்பளத்துக்கு இங்கே வருமான வரி இல்லை. ஆனால் இங்குள்ள கடை, வீட்டு வாடகை வரிக்கு உட்பட்டதே. 2024 பிப்ரவரி 1-ல் இடைக்கால பட்ஜெட்டில், 2009-10 வரையிலான ஆண்டுகளுக்கு 25,000 ரூபாய் வரையும், 2010-11 முதல் 2014-15 வரை 10,000 ரூபாய் வரையும் உள்ள பழைய நேர்முக வரிப் பாக்கிகளை விட்டுவிடுவதாக நிதியமைச்சர் அறிவித்தார். அவற்றில் 1962-ம் ஆண்டுப் பாக்கிகளும் இருந்தன.

கடன் கொடுத்தவரே மனமுவந்து விட்டுக்கொடுத்தால் கடன் நீங்கிவிடும். ஆகவே அந்த எட்டாயிரத்தில் பெரியவருக்குக் குற்றமில்லை. ஆனால் விடப்பட்டது கணக்கில் ஏறியிருந்த பாக்கி மட்டுமே. மறைத்த வருமானம் இதில் சேராது. வீட்டு வரியும் இதில் சேராது. அது தெருவிளக்குக்கும் குடிநீருக்கும் உரியது, ஊராரின் ஹக்கு. அலுவலகம் சென்று கணக்கைக் கேட்டு, கட்டி, ரசீது வாங்கிக்கொள்ள வேண்டும். வசதியிருந்தும் கடனை இழுத்தடிப்பது அநியாயம் என்று நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளார்கள்.

ஜகாத் பாக்கி

ஜகாத் வரியல்ல, அது இபாதத். அரசுக்கு எவ்வளவு வரி கட்டினாலும் ஜகாத் நிறைவேறாது. அதைப் பெறுவோர் யார் யார் என்பதைத் திருமறையின் ஒன்பதாம் அத்தியாயம் 60-ம் வசனம் எட்டு வகையாக வகுத்துவிட்டது. அதைத் தள்ளுபடி செய்ய எந்த அமைச்சருக்கும், எந்த ஆலிமுக்கும் அதிகாரமில்லை. வருடங்கள் கடந்ததால் அது நீங்காது. தௌபாச் செய்வதோடு, கொடுத்தும் தீரவேண்டும்.

கணக்கிடும் முறை

ஹனபீ மத்ஹபின்படி, முதல் வருட ஜகாத்தைக் கழித்து மீதிக்கு மறுவருடம் கணக்கிட வேண்டும். உதாரணமாக 25 பவுன், அதாவது 200 கிராம் தங்கம் இருந்தால் முதல் வருடம் 5 கிராம். மறுவருடம் 195 கிராமுக்கு 4.875 கிராம். இப்படியே நிஸாபுக்குக் குறையும்வரை தொடரும். பணமாகக் கொடுத்தால் இன்றைய விலையைக் கணக்கிடுவது பேணுதல். கட்டவேண்டிய வரிப் பாக்கியையும் மற்றக் கடனையும் ஹனபீக்கள் கழித்துக்கொள்ளலாம். ஷாபிஈ மத்ஹபில் கடன் ஜகாத்தைத் தடுக்காது.

மனைவியின் நகைக்கு மனைவியே பொறுப்பாளி. அவள் சம்மதத்துடன் கணவர் கொடுத்தால் கூடும். உபயோகிக்கும் நகைக்கு ஷாபிஈ மத்ஹபில் ஜகாத் இல்லை.

சரியான கணக்கு நினைவில்லையெனில், பாக்கி நின்றிருக்காது என்று மனம் திருப்தியாகும் அளவுக்குக் கூட்டியே போடுக. ஒரே தடவையில் இயலாவிட்டால் சிறுகச் சிறுகக் கொடுக்கலாம். ஒவ்வொரு தடவையும் ஜகாத் என்ற நிய்யத் வேண்டும்.

மௌத்துக்கு முன்

ஷாபிஈ மத்ஹபில், மய்யித்தின் ஜகாத் பாக்கியைச் சொத்துப் பங்கீட்டுக்கு முன்பே எடுத்துவிட வேண்டும். ஹனபீ மத்ஹபில் வஸிய்யத் செய்திருந்தால்தான் மூன்றில் ஒரு பாகத்திலிருந்து கொடுப்பது கடமை. எழுதாமல் போனால் பிள்ளைகளின் தயவை எதிர்பார்த்துக் கபுரில் கிடக்க வேண்டியதுதான். கடன் வைத்து இறந்தவருக்கு நாயகம் (ஸல்) அவர்கள் தாம் ஜனாஸாத் தொழவைக்காமல் நின்றதும், அபூகதாதா (ரலி) அக்கடனை ஏற்ற பிறகே தொழவைத்ததும் நாம் அறிந்ததே.

மறுநாள் சுப்ஹுக்குப் பின் அந்தப் பெரியவர் ஒரு நோட்டுப் புத்தகத்துடன் வந்தார். முதல் பக்கத்தில் வீட்டு வரி. அடுத்த பக்கத்திலிருந்து வருடவாரியாக ஜகாத். “என் மகனும் கையெழுத்துப் போட்டிருக்கிறான் ஹஜ்ரத்” என்றார். நாம் அல்ஹம்துலில்லாஹ் என்றோம்.

உங்கள் வீட்டிலும் அப்படியொரு நோட்டுப் புத்தகம் இருக்கிறதா? இன்றே திறந்து பாருங்கள். வல்ல நாயன் நம் அனைவரையும் கடனின்றித் தன் சமூகம் சேர்ப்பானாக! ஆமீன்.