அறுபதைத் தாண்டியவருக்கு எந்த இரத்தப் பரிசோதனை?

மலேசியாவின் பங்சாரில் அம்மா அப்பாவுக்கு இரத்தப் பரிசோதனை செய்ய இடத்துக்குப் பஞ்சமில்லை. அரசாங்க கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான். அரசு உதவித்தொகை பெறும் நாற்பது வயதைக் கடந்தவர்களுக்குப் பெக்கா பி40 திட்டத்தில் இலவசம். தனியார் லேப்பில் நூற்றுக்கணக்கான வெள்ளிக்குப் பேக்கேஜ் உண்டு. எங்கே எடுப்பது என்பதைவிட எதை எடுப்பது என்பதுதான் முக்கியம். முதலில் பார்க்க வேண்டியது இனிப்பு நீரை, அதாவது நீரிழிவை: 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசிய இந்தியப் பெரியவர்களில் 31.4 விழுக்காட்டினருக்கு அது இருந்தது.

வெறும் வயிற்றில் எடுக்கும் சர்க்கரைச் சோதனை மலிவு. ஆனால் வயதானவர்களில் பலருக்குக் காலையில் அளவு சரியாக இருக்கும், சாப்பிட்ட பிறகுதான் ஏறும். அதை இந்தச் சோதனை தவறவிட்டுவிடும்.

எச்பிஏ1சி என்ற சோதனைக்குப் பட்டினி வேண்டாம். இரத்தச் சர்க்கரையின் சுமார் மூன்று மாதச் சராசரியை அது காட்டும். மலேசிய வழிகாட்டுதலில் 5.7 முதல் 6.2 விழுக்காடு வரை நோய்க்கு முந்தைய நிலை, 6.3 தொட்டால் நோய். முதியோருக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். ஒரு நிபந்தனை: இரத்தசோகை, சிறுநீரகக் கோளாறு, தலசீமியா இருந்தால் இந்த எண் தவறாகக் காட்டலாம். அதனால் முழு இரத்த எண்ணிக்கையையும் கிரியேட்டினினையும் கூடவே எடுக்க வேண்டும். வெறும் வயிற்றுச் சர்க்கரையும் எச்பிஏ1சியும் முரண்பட்டால் 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து எடுப்பதைப் பற்றி டாக்டரிடம் கேளுங்கள்.

கொழுப்பு அறிக்கையில் எல்லோரும் எல்டிஎல்லை மட்டும் பார்க்கிறார்கள். டிரைகிளிசரைடு லிட்டருக்கு 1.7 மில்லிமோலைத் தாண்டி, எச்டிஎல் ஆணுக்கு 1.0க்கும் பெண்ணுக்கு 1.3க்கும் கீழே இருந்தால் கவனிக்க வேண்டும். அதோடு இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80 சென்டிமீட்டரை எட்டிவிட்டால் வளர்சிதை மாற்றக் கோளாறு வாசலுக்கே வந்துவிட்டது. பேக்கேஜில் சேர்த்து விற்கும் புற்றுநோய்க் குறியீடுகள் இனிப்பு நீரைப் பற்றி எதுவும் சொல்லாது. அந்தப் பணம் மிச்சமாகட்டும்.

முன்கூட்டியே தெரிந்துகொள்வதால் பலன் உண்டு. சென்னையில் டாக்டர் அ. இராமச்சந்திரன் குழுவினர் 2006இல் வெளியிட்ட ஆய்வில், விளிம்பில் இருந்தவர்கள் உணவையும் நடையையும் மாற்றியதிலேயே நோய் வரும் வாய்ப்பு 28.5 விழுக்காடு குறைந்தது.

ஒரே ஒரு தாளை வைத்து முடிவு செய்யாதீர்கள். வெறும் வயிற்றுச் சர்க்கரை ஓராண்டு 5.1, அடுத்து 5.5, பிறகு 5.9 என்று வந்தால், 6.1க்குக் கீழ் என்பதால் எந்த எண்ணின் பக்கத்திலும் நட்சத்திரக் குறி இல்லாமல் போகலாம். ஆனாலும் அது ஏறிக்கொண்டே இருக்கிறது. முடிந்தவரை ஒரே லேப்பில் எடுங்கள். பழைய அறிக்கைகளைக் கோப்பில் சேர்த்து வையுங்கள், அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது எல்லாவற்றையும் மேசையில் வைத்துக் காட்டுங்கள்.