வண்டி இடப்பக்கம் இழுக்கிறது; ‘ரோடு அப்படி’ என்கிறார்கள்

கேள்வி: 14 மாதங்களுக்கு முன் 84 லட்சம் ரூபாய்க்கு இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினேன். மூன்றாவது வாரத்திலிருந்தே இடப்பக்கம் இழுக்கிறது. நேராகப் போக ஸ்டீயரிங்கை வலப்பக்கம் சற்றுத் திருப்பியே பிடிக்க வேண்டியிருக்கிறது. நான்கு முறை சர்வீஸ் சென்டருக்குப் போனேன். மூன்று முறை அலைன்மென்ட் பார்த்துப் பணமும் வாங்கினார்கள். இப்போது “ரோடு அப்படி சார்” என்கிறார்கள். 7,000 கிலோமீட்டரிலேயே முன் டயரின் உள்விளிம்பு தேய்ந்துவிட்டது. வேறு கார் கேட்டு வழக்குப் போடலாமா?
- ஒரு வாசகர், கோவை

பதில்: தாராளமாகப் போடலாம். வேறு கார் கிடைக்குமா என்பது உங்கள் கையில் இருக்கும் காகிதத்தைப் பொறுத்தது.

முதலில் ‘ரோடு அப்படி’ என்ற பேச்சு. அதில் பாதி உண்மை. மழைத்தண்ணீர் வடிவதற்காக நம் சாலைகள் ஓரத்தை நோக்கிச் சரிந்திருக்கும். இடப்பக்கம் ஓடும் வண்டி கொஞ்சம் இடப்பக்கம் ஒதுங்கத்தான் செய்யும். அகல டயர் போட்ட வண்டியில் அது கூடுதலாகத் தெரியும். எதிர்த்தரப்பு வக்கீல் இதைத்தான் முதலில் கையில் எடுப்பார். ஆகவே சரிவில்லாத இடத்தில், சர்வீஸ் அட்வைசரைப் பக்கத்தில் உட்காரவைத்து ஓட்டிக் காட்டுங்கள். அவர் பார்த்ததை ஜாப் கார்டில் எழுதி வாங்குங்கள். முன் டயர்கள் இரண்டையும் பக்கம் மாற்றிப் போடவும் சொல்லுங்கள். இழுப்பும் பக்கம் மாறினால் கோளாறு டயரில். மாறாவிட்டால் சஸ்பென்ஷனையும் பிரேக்கையும் பார்க்க வேண்டும்.

என் கட்சிக்காரர் ஒருவருக்கு இதே பிரச்சினை. அவரிடம் மூன்று அலைன்மென்ட் பிரிண்ட் அவுட்கள் இருந்தன. ஒவ்வொன்றிலும் சரிசெய்வதற்கு முன், பின் என்று இரண்டு வரிசை. மற்ற எண்களெல்லாம் பச்சைக்கு வந்திருக்க, இடது முன்சக்கரத்தின் கேஸ்டர் என்ற சாய்வுக் கோணம் மட்டும் இரண்டு வரிசையிலும், மூன்று தாளிலும் சிவப்பாகவே நின்றது. சரிசெய்ய முடியவில்லை என்று அவர்களுடைய மெஷினே எழுதிக் கொடுத்திருந்தது, பில்லோடு சேர்த்து! அதைக் காட்டிய பிறகுதான் கம்பெனி லோயர் ஆர்மையும் நக்கிளையும் இலவசமாக மாற்றிக் கொடுத்தது.

உங்கள் தாள்களை நாளைக்கே மின்னஞ்சலில் கேளுங்கள். தேய்ந்த டயரைத் தூக்கிப் போடாதீர்கள். வெளியில் எங்கும் வண்டியில் கைவைக்க விடாதீர்கள். பள்ளத்தில் இறங்கி ரிம் அடிபட்டிருந்தால் அதை உங்கள் வக்கீலிடம் மறைக்கவே கூடாது. அலைன்மென்ட்டும் அடிபட்ட சேதமும் பொதுவாக வாரன்டிக்குள் வராது. இன்ஷூரன்ஸ் கிளெய்ம் ஒன்று வெளியே வந்தால் வழக்கு அங்கேயே படுத்துவிடும்.

இனி சட்டம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன் பிரிவு 2(10) பொருளின் குறைபாட்டையும், 2(11) சேவைக் குறைபாட்டையும் சொல்கிறது. உங்களுக்கு இரண்டும் பொருந்தும். ஆனால் ஒரு பாகத்தில் கோளாறு என்பதற்காக முழு வண்டியையும் மாற்றித் தரச் சொல்ல முடியாது. வாரன்டி என்ன சொல்கிறதோ அதுதான் என்று 2006-இல் மாருதி உத்யோக் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆகவே வேறு கார் அல்லது விலையைத் திருப்பித் தருதல் என்று மட்டும் கேட்டு நிறுத்தாதீர்கள். அது இல்லையென்றால் பாகங்களை இலவசமாக மாற்றுதல், டயர் விலை, அலைன்மென்ட் கட்டணம், மன உளைச்சலுக்கு இழப்பீடு என்று மாற்றுப் பரிகாரத்தையும் அதே மனுவில் சேருங்கள். பிரிவு 38(2)(c)-இன்படி வண்டியை நிபுணர் ஆய்வுக்கு அனுப்பவும் மனுச் செய்யுங்கள். அந்த அறிக்கை இல்லாமல் உற்பத்திக் குறைபாட்டை நிரூபிப்பது மிகக் கஷ்டம்.

கொடுத்த விலை 50 லட்சத்தைத் தாண்டுவதால் கோவை மாவட்ட ஆணையத்தில் போட முடியாது. சென்னையிலுள்ள மாநில ஆணையத்துக்குத்தான் வர வேண்டும். டீலர், உற்பத்தியாளர் இருவரையும் எதிர்மனுதாரராகச் சேருங்கள்.

பிரிவு 69 தருகிற கெடு இரண்டு ஆண்டு. கோளாறு முதலில் தெரிந்த அந்த மூன்றாவது வாரத்திலிருந்தே எண்ணிக்கொள்ளுங்கள். உங்களுக்கு இன்னும் பத்து மாதம் சொச்சம்தான் இருக்கிறது. “அடுத்த சர்வீஸில் பார்க்கலாம்” என்று அவர்கள் சொல்லும் ஒவ்வொரு முறையும் அதில்தான் நாள் கழிகிறது.