பூட்டு ஊருக்கு, சாவி ஒருவருக்கு

ஒடிசாவில் கஞ்சம் என்று ஒரு மாவட்டம். அங்கிருந்து ஆயிரக்கணக்கானவர்கள் குஜராத்தில் உள்ள சூரத்துக்குத் தறி ஓட்டப் போகிறார்கள். முன்பு ஊருக்குப் பணம் அனுப்ப மணியார்டர் எழுதுவார்கள். வீட்டார் தபால்காரரை எதிர்பார்த்து வாசலில் காத்திருப்பார்கள். 2016-இல் யு.பி.ஐ. வந்தது. இப்போது மகன் சூரத்தில் செல்போனைத் தட்டுகிறான். சில நொடிகளில் அம்மாவின் கணக்கில் பணம் ஏறுகிறது.

ரூபாய் நோட்டு எதுவும் பயணம் செய்வதில்லை. போவது செய்தி மட்டும்தான். 'இந்தக் கணக்கில் கழி, அந்தக் கணக்கில் சேர்' என்ற செய்தி. அது டவர், கம்பி, கம்ப்யூட்டர் என்று பல இடம் தாண்டிப் போகிறது. அப்படியே அனுப்பினால் அது தபால் கார்டு மாதிரி. வழியில் இருப்பவர் படித்துவிடலாம். ரகசிய எண்ணை அப்படி அனுப்பலாமா?

ஆகவே செய்தியைப் பூட்டி அனுப்புகிறார்கள். பூட்டுவது என்றால் யாருக்கும் புரியாதபடி மாற்றி எழுதுவது. அதைத் திரும்பப் படிக்கச் சாவி வேண்டும். இது இரும்புச் சாவி அல்ல. மிகப் பெரிய எண்தான் சாவி.

பழைய காலத்தில் படைத் தலைவர்களும் செய்தியைப் பூட்டித்தான் அனுப்பினார்கள். பூட்டவும் திறக்கவும் ஒரே சாவி. அங்கேதான் சிக்கல். பெட்டியை அனுப்பிவிடலாம். சாவியை எப்படி அனுப்புவது? வழியில் ஒருவன் சாவியைப் பிடித்துவிட்டால் எல்லாம் போயிற்று.

1976-இல் அமெரிக்காவில் டிஃபி, ஹெல்மன் என்ற இருவர் ஒரு வழி சொன்னார்கள். 1977-இல் ரிவெஸ்ட், ஷமிர், ஏடில்மன் என்ற மூவர் அதற்கு ஒரு கணக்கைக் கண்டுபிடித்தார்கள்.

வீட்டில் தொங்கும் பூட்டை நினைத்துப் பாருங்கள். அமுக்கினால் பூட்டிக்கொள்ளும். அதற்குச் சாவி தேவையில்லை. திறக்கத்தான் சாவி. ஒரு வங்கி, திறந்த பூட்டுகளை ஊர் முழுக்கக் கொடுத்துவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். யாரும் பெட்டியைப் பூட்டி அனுப்பலாம். பூட்டியவரே நினைத்தாலும் பிறகு திறக்க முடியாது. சாவி வங்கியிடம் மட்டும் இருக்கிறது. அது வெளியே போவதே இல்லை.

எண்ணால் எப்படிப் பூட்டுவது? 47-ஐ 59-ஆல் பெருக்குங்கள். 2773 வரும். இப்போது பக்கத்து வீட்டாரிடம் 2773-ஐ மட்டும் சொல்லுங்கள். எந்த இரண்டு எண்களைப் பெருக்கினால் இது வரும் என்று கேளுங்கள். திணறிப்போவார்! பெருக்குவது சுலபம். பிரிப்பதுதான் கடினம். 2773 பூட்டு மாதிரி. 47-உம் 59-உம் சாவி மாதிரி. உண்மையான பூட்டில் 600 இலக்கங்களுக்கு மேல் உள்ள எண் இருக்கும். கம்ப்யூட்டரே திணறும்.

போனில் ரகசிய எண்ணைத் தட்டியதும், போனுக்குள்ளேயே பூட்டு விழுந்துவிடுகிறது. ரேஷன் கடையில் வைக்கும் கைரேகையும் இப்படிப் பூட்டித்தான் ஆதார் கம்ப்யூட்டருக்குப் போகிறது.

இந்தப் பூட்டை உடைப்பது பெரும்பாடு. அதனால் திருடன் பூட்டைத் தொடுவதில்லை. போன் செய்கிறான்.

கஞ்சத்தில் ஒரு தாய்க்கு இப்படி ஒரு போன் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். "அம்மா, பேங்க்கிலிருந்து பேசுகிறேன். உங்கள் மகன் அனுப்பிய 5000 ரூபாய் வழியில் நின்றுவிட்டது. ஒரு கட்டம் போட்ட படம் அனுப்பியிருக்கிறேன். அதை ஸ்கேன் செய்து ரகசிய எண்ணைப் போடுங்கள். பணம் வந்துவிடும்."

அவர் போடுகிறார். பூட்டு சரியாகத்தான் வேலை செய்கிறது. செய்தி பத்திரமாகப் போய்ச் சேருகிறது. ஆனால் அந்தச் செய்தி, 'இவர் கணக்கில் 5000 கழி' என்பது.

பணம் வாங்க ரகசிய எண் தேவையே இல்லை. கொடுக்கத்தான் தேவை. அந்தத் தாயைக் குறை சொல்ல முடியுமா? மணியார்டர் வாங்கக் கையெழுத்தோ கைநாட்டோ வைத்துப் பழகியவர். பணம் வாங்க எதையாவது போட வேண்டும் என்றுதானே அவருக்குத் தோன்றும்?

அவர் பதறி மகனைக் கூப்பிடுகிறார். "அழாதேம்மா. முதலில் 1930-க்குப் போன் போடு. பிறகு பேங்க்குக்குச் சொல்லு" என்கிறான் அவன். 1930 என்பது இணையக் குற்றங்களுக்கு நாடு முழுவதும் உள்ள உதவி எண். சீக்கிரம் சொன்னால், திருடன் எடுக்கும் முன் சில நேரம் பணத்தை நிறுத்திவிடலாம்.

அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொள்கிறார். ஒன்று, ஒன்பது, மூன்று, சுழி. ஒவ்வொன்றாகப் பார்த்து அழுத்துகிறார்.