திரையில் 225, உள்ளே எவ்வளவு?

வட அமெரிக்காவில் கோடை பிறந்துவிட்டால் பின்முற்றங்களில் புகை எழத் தொடங்கிவிடும். விறகும் கரியும் அடுக்கி, இரவெல்லாம் கண்விழித்துத் தீயைக் காத்து இறைச்சி வாட்டுவது டெக்சாஸ்காரர்களின் பழைய வழி. அந்தக் காவல் வேலையை மின்சாரத்திடம் ஒப்படைப்பதுதான் எலக்ட்ரிக் ஸ்மோக்கர். இடுப்பு உயர இரும்புப் பெட்டி. அடியில் சூடேற்றும் மின்காயில், அதை ஒட்டி மரச்சில்லுத் தட்டு, அதற்கு மேல் தண்ணீர்த் தட்டு, பிறகு மூன்று நான்கு கம்பித் தட்டுகள், மேற்பகுதியில் புகை போகத் துவாரம். டொராண்டோ, நியூஜெர்சி பக்கத் தமிழ் வீடுகளில் ஆட்டுத் தொடையும் முழுக் கோழியும் இதற்குள் போகின்றன. பட்டனை அழுத்திவிட்டு நிம்மதியாக இருங்கள் என்கிற தோரணையில்தான் விற்கிறார்கள். ஆனால் வாங்கிய முதல் வாரத்திலேயே நண்பர்களும் மச்சான்மார்களும் வெப்பம் பற்றி ஆளுக்கொரு யோசனை சொல்லத் தொடங்கிவிடுவார்கள். அவற்றில் பாதி தவறு.

இந்தப் பெட்டிகள் பாரன்ஹீட் கணக்கில் ஓடுபவை. வழக்கமாகச் சொல்லப்படும் 225 டிகிரி நம் கணக்கில் 107 செல்சியஸ். பல வீட்டு ஸ்மோக்கர்களின் உச்சம் 275. அதாவது 135 செல்சியஸ்.

நம்பிக்கை: முதலில் 275-ல் வைத்தால் சீக்கிரம் சூடேறும், பிறகு 225-க்கு இறக்கிக்கொள்ளலாம்.

ஏறாது. இஸ்திரிப் பெட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். சிவப்பு விளக்கு எரியும்போது உள்ளே முழு மின்சாரம், அணைந்தால் ஒன்றுமில்லை. குமிழைக் கூடுதலாகத் திருப்பினால் விளக்கு அதிக நேரம் எரியுமே தவிர, வேகமாகச் சூடேறாது. பெரும்பாலான ஸ்மோக்கர்களும் அப்படித்தான். 800 வாட் காயில், 225 என்று வைத்தாலும் 275 என்று வைத்தாலும் 800 வாட்டில்தான் எரியும். உயர்த்தி வைத்ததை இறக்க மறந்தால் மட்டும் வித்தியாசம் தெரியும்: மீன் காய்ந்துபோயிருக்கும். வேண்டிய எண்ணை வைத்து, இறைச்சியை உள்ளே விடுவதற்கு முன் முக்கால் மணி நேரம் வெறுமனே ஓடவிடுங்கள். அவ்வளவுதான் விஷயம்.

நம்பிக்கை: 225 என்று வைத்தால் 225-லேயே நிற்க வேண்டும். ஏறி இறங்கினால் மெஷின் கோளாறு.

புதிதாக வாங்கியவர்களை அதிகம் அலைக்கழிப்பது இதுதான். தெர்மோஸ்டாட் காயிலை அணைத்தாலும் சூடான காயிலும் இரும்புச் சுவரும் கொஞ்ச நேரம் வெப்பத்தை விட்டுக்கொண்டுதான் இருக்கும். அதனால் வெப்பம் மேலே போகும். திரும்பப் போடும்போது காயில் சூடேறச் சிறிது நேரமாகும். அதற்குள் கீழே இறங்கும். 215-க்கும் 240-க்கும் நடுவே ஊசலாடுவது இந்த மெஷினின் இயல்பு. இரண்டு கிலோ இறைச்சிக்கு இந்த ஏற்ற இறக்கம் தெரியவே தெரியாது. அதற்குத் தெரிவது சராசரிதான். அரை மணி நேரச் சராசரி 225-ஐ ஒட்டி இருந்தால் எதையும் தொட வேண்டாம். ஒவ்வொரு இறக்கத்துக்கும் எண்ணை ஏற்றி, ஒவ்வொரு ஏற்றத்துக்கும் இறக்கிக்கொண்டிருப்பவர் ஊசலை இன்னும் பெரிதாக்குகிறார். கதவைத் திறந்து பார்ப்பதும் அப்படித்தான்: சூடான காற்று ஒரு நொடியில் வெளியேறும், காயில் பதறிக்கொண்டு முழு வேகத்தில் ஓடும், வெப்பம் மீண்டும் எகிறும்.

நம்பிக்கை: திரையில் தெரிவதுதான் உள்ளே இருக்கும் வெப்பம்.

திரையில் தெரிவது, உணரி பொருத்தப்பட்ட இடத்தின் வெப்பம். பெரும்பாலும் அது பின்சுவரில் இருக்கும். அதன் பக்கத்தில் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த குளிர்ந்த தொடையை வைத்துவிட்டால், பெட்டி இன்னும் சூடாகவில்லை என்று உணரி நினைத்துக்கொள்ளும். காயில் விடாமல் எரியும். எதிர்ப்பக்கத்துக் கோழி கருகும். அடித்தட்டுக்கும் மேல்தட்டுக்கும்கூட ஒரே வெப்பம் கிடையாது. 15, 20 டிகிரி வித்தியாசம் சர்வசாதாரணம். கழுவும் வேலை மிச்சம் என்று கம்பித் தட்டு முழுக்க அலுமினியத் தாளை விரிப்பவர்கள் உண்டு. காற்று மேலே போக வழியடைத்துவிட்டு, மேல்தட்டு ஏன் வேகவில்லை என்று கேட்பார்கள்.

இதற்கு மருந்து, இரண்டு கம்பிமுனை உள்ள டிஜிட்டல் தெர்மாமீட்டர். ஒரு முனையைக் கிளிப்பில் மாட்டி, இறைச்சி இருக்கும் அதே தட்டில், இறைச்சியிலிருந்தும் சுவரிலிருந்தும் இரண்டு அங்குலம் தள்ளி வையுங்கள். இன்னொன்றை இறைச்சியின் தடித்த பகுதியில், எலும்பில் முட்டாமல், நடுமையம் வரை செருகுங்கள். முதல் முனை 210 காட்டும்போது திரை 225 என்றால், திரையை 240-க்கு ஏற்றுங்கள். சண்டை போட வேண்டாம்.

அந்தத் தெர்மாமீட்டரையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிடக் கூடாது. ஒரு டம்ளர் நிறையப் பொடித்த ஐஸ், இடைவெளி நிரம்புமளவு தண்ணீர், ஒரு நிமிடம் கலக்கி முனையை நடுவில் பிடியுங்கள்: 32 பாரன்ஹீட், அதாவது 0 செல்சியஸ் காட்ட வேண்டும். பிறகு கொதிக்கும் தண்ணீர்: கடல் மட்டத்தில் 212, அதாவது 100 செல்சியஸ். உயரமான ஊர்களில் 300 மீட்டருக்குச் சுமார் ஒரு செல்சியஸ் குறையும். 1600 மீட்டர் உயரத்திலுள்ள டென்வரில் 95-ஐ ஒட்டிக் கொதித்தால் கருவி சரியாகத்தான் இருக்கிறது.

நம்பிக்கை: சூடேறவில்லையா? தெர்மோஸ்டாட் போயிருக்கும்.

முதலில் எக்ஸ்டென்ஷன் வயரைப் பாருங்கள். கராஜிலிருந்து முற்றத்துக்கு இழுத்த நீண்ட, மெல்லிய வயர் மின்னழுத்தத்தைத் தின்றுவிடும். காயிலின் சக்தி மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறுகிறது. 120 வோல்ட் 108 ஆனால், குறைந்தது பத்து சதவீதம்தானே என்று தோன்றும். ஆனால் 800 வாட் காயிலில் 650 வாட்டுக்குக் கொஞ்சம் கீழேதான் மிஞ்சும்; ஐந்தில் ஒரு பங்கு காணாமல் போய்விட்டது. அக்டோபர் மாதக் கனடாக் காற்றும் சேர்ந்துகொண்டால் மெஷின் 200-ஐத் தாண்டத் தவிக்கும். வயரும் சூடாகும், அது தீப்பிடிக்கும் வழி. வெளிப்புறப் பயன்பாட்டுக்கான தடித்த, குட்டையான வயர் போதும். காற்றுக்கு ஒதுக்கமாக வைக்கலாம், கராஜுக்குள் வைக்கக் கூடாது. மின்சாரம்தானே என்று நினைக்க வேண்டாம்: கனிகிற மரச்சில்லிலிருந்து கார்பன் மோனாக்சைடு வருகிறது.

நம்பிக்கை: சில்லுகளை ஊறவைத்து, மேல் துவாரத்தை மூடினால் வெப்பமும் நிற்கும், புகையும் நிற்கும்.

நிற்கும் புகைதான் கசப்பு. மேல் துவாரத்தை அடைத்தால் ஈரமும் புகையும் உள்ளேயே தேங்கி, தார் போன்ற பிசின் இறைச்சியில் படியும். நாக்கு மரத்துப்போகிற கசப்பு அது. துவாரம் திறந்தே இருக்கட்டும். அதனால் போகிற வெப்பத்தைக் காயில் ஈடுகட்டிவிடும். ஊறவைத்த சில்லு, தன் தண்ணீர் ஆவியாகும்வரை 100 செல்சியஸைத் தாண்டாது, புகையாது. முதல் அரை மணியில் கிளம்பும் அடர்ந்த வெள்ளையில் பெரும்பகுதி நீராவி. நல்ல புகை மெல்லியது, நீலச்சாயல் கொண்டது, சில நேரம் கண்ணுக்கே சரியாகத் தெரியாதது.

ஜூலை வெயிலில் வேறொரு விசித்திரம் நடக்கும்: புகையே வராது. வெளியே சூடு அதிகம் என்பதால் காயில் எப்போதாவதுதான் எரிகிறது; அதை நம்பியிருக்கும் சில்லும் எப்போதாவதுதான் கனிகிறது. புகை வேண்டுமென்று வெப்பத்தை ஏற்றுவது தப்பு. மரத்துகள் வில்லைகளை நிரப்பித் தனியாகக் கனியவிடும் துளைக்குழாய் கடைகளில் கிடைக்கிறது. அதை வாங்கி வையுங்கள்.

நம்பிக்கை: 150 டிகிரியில் இறைச்சி நின்றுவிட்டதா? வெப்பத்தை ஏற்று.

பெரிய பிரிஸ்கெட் எனும் மாட்டு நெஞ்சுத் துண்டோ பன்றித் தோள்பட்டையோ வைத்தவர் மனம் உடையும் கட்டம் இது. உள்வெப்பம் சரசரவென்று 150 (66 செல்சியஸ்) வரை ஏறும். பிறகு மூன்று நான்கு மணி நேரம் அசையாது. சில நேரம் ஒன்றிரண்டு டிகிரி இறங்கவும் செய்யும். கொழுப்பு உருகுவதால், கொலாஜன் கரைவதால் என்று நெடுநாள் விளக்கம் சொல்லிவந்தார்கள். இயற்பியலாளர் கிரெக் பிளாண்டர் அழகான ஒரு சோதனையில் அதை உடைத்தார். தண்ணீரில் நனைத்த ஸ்பான்ஜ் ஒன்றையும் வெறும் மாட்டுக்கொழுப்புக் கட்டி ஒன்றையும் சூட்டில் வைத்து இரண்டின் வெப்பத்தையும் குறித்தார். கொழுப்பு நிற்காமல் ஏறியது. ஸ்பான்ஜ், இறைச்சியைப் போலவே, நடுவழியில் நின்றது. ஸ்பான்ஜில் ஏது கொலாஜன்? இறைச்சியின் மேற்பரப்பிலிருந்து ஆவியாகும் ஈரம், உள்ளே வரும் வெப்பத்தை அவ்வளவையும் குடித்துவிடுகிறது. வியர்த்துக் குளிர்கிறது, அவ்வளவே.

ஆக, மெஷின் மேல் குற்றமில்லை. பொறுத்திருக்கலாம், விருந்தாளிகள் வந்துவிட்டார்கள் என்றால் அலுமினியத் தாளில் இறுகச் சுற்றிவிடலாம். ஆவியாக வழியில்லாததால் வெப்பம் மீண்டும் ஏறும். மேல்தோல் கொஞ்சம் நசநசக்கும், அதுதான் விலை. கொலாஜன் ஜெலட்டினாகி நார் நெகிழ 195 முதல் 205 பாரன்ஹீட் வரை (91–96 செல்சியஸ்) உள்வெப்பம் போக வேண்டும். பவுண்டுக்கு ஒன்றரை மணி என்கிற வாய்ப்பாடு இங்கே உதவாது. நேரத்தைத் தீர்மானிப்பது எடையைவிடத் தடிமன்.

நம்பிக்கை: சூடு குறையக் குறைய மென்மை கூடும்.

ஒரு எல்லை வரை. 4 முதல் 60 செல்சியஸ் வரை கிருமிகள் பெருகும் வெப்பம். பெட்டியை 150 பாரன்ஹீட்டில் வைத்துக் கோழியை மணிக்கணக்கில் வாட்டினால் அதைக் கிருமிகளுக்கே சமைத்துக் கொடுக்கிறோம். அமெரிக்க வேளாண் துறை ஸ்மோக்கருக்குச் சொல்லும் வெப்பம் 225 முதல் 300. உறைந்த இறைச்சியை நேரே உள்ளே வைக்காதீர்கள். கோழிக்கு நான் 275-க்குக் கீழே இறங்கச் சொல்ல மாட்டேன். 225-ல் அதன் தோல் ரப்பராகிவிடுகிறது, சவைக்கத் தாடை வேண்டும்.

நம்பிக்கை: நிறத்தைப் பார்த்தாலே வெந்ததா என்று தெரியும்.

தெரியாது. கரி அடுப்பில் வாட்டிய இறைச்சியின் ஓரத்தில் வரும் இளஞ்சிவப்பு வளையம், எரியும்போது பிறக்கும் வாயுக்கள் இறைச்சியின் நிறமியோடு சேர்வதால் வருவது. மின்சாரக் காயிலில் எரிவது குறைவு என்பதால் வளையம் மங்கலாக வரும், அல்லது வரவே வராது. ருசிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அதேபோல நன்றாக வெந்த கோழி எலும்போரம் சிவந்திருக்கலாம்; வேகாத கோழி வெளுத்தும் இருக்கலாம். கோழிக்கு உள்வெப்பம் 165 (74 செல்சியஸ்), கொத்திய இறைச்சிக்கு 160 (71), மீனுக்கு 145 (63). ஆடு, மாடு, பன்றியின் முழுத் துண்டுகளுக்கும் 145தான், ஆனால் இறக்கி மூன்று நிமிடம் விட்டுவைக்க வேண்டும்.

நம்பிக்கை: புகை பட்டது கெடாது.

மாசிக் கருவாட்டைச் சாப்பிட்டு வளர்ந்தவர்களிடம் இந்த நம்பிக்கை அதிகம். மாசியை அவித்து, புகையிட்டு, கட்டையாகும்வரை வெயிலில் காயவைக்கிறார்கள். அதைக் காப்பது பெரும்பாலும் அந்த உலர்வுதான். ஸ்மோக்கரிலிருந்து எடுத்த மீனோ கோழியோ உள்ளே ஈரமும் சாறுமாக இருக்கிறது. சமைத்த எந்தக் கறியும் கெடுகிற வேகத்தில் அதுவும் கெடும். 1963-ல் அமெரிக்காவின் பேரேரிகளில் பிடித்துப் புகையூட்டி, காற்றுப்புகாத உறையில் அடைத்து விற்ற மீனைச் சாப்பிட்டுப் பொட்டுலிசம் நஞ்சால் ஆட்கள் இறந்தார்கள். இறக்கிய இரண்டு மணி நேரத்துக்குள், வெளியே 32 செல்சியஸைத் தாண்டிய வெயிலென்றால் ஒரு மணிக்குள், மிச்சத்தை ஃப்ரிட்ஜில் வையுங்கள். நான்கு நாளுக்குள் சாப்பிட்டு முடியுங்கள்.