பல்பு எரியவில்லையா? முதலில் உப்பைப் பார்!

தங்கச்சி, மின்சுற்று செய்து பார்க்க பெரிய செலவு வேண்டாம். 1.5 வோல்ட் பென்சில் பேட்டரி, பழைய டார்ச்சில் வரும் இழை பல்பு, ஒரு சாண் ஒயர் போதும். ஹோல்டர் இப்போதைக்கு வேண்டாம். அதில் மாட்டிவிட்டால் மின்சாரம் பல்புக்குள் எந்த வழியாக நுழைந்து எந்த வழியாக வெளியேறுகிறது என்பதே தெரியாமல் போய்விடும். பல்பின் அடிமுனையைப் பேட்டரியின் தலையில் நிறுத்து. ஒயரின் ஒரு நுனியைப் பேட்டரியின் அடியிலும், மறு நுனியைப் பல்பின் உலோகக் கழுத்திலும் தொடவை. எரிந்ததா? இனி இடத்தை மாற்றி மாற்றி வைத்துப் பார். எரியாத இணைப்பையும் நோட்டில் வரைந்துகொள். ஏன் எரியவில்லை என்று யோசிக்க அந்தப் படம்தான் உதவும்.

வெறும் ஒயரால் பேட்டரியின் இரு முனைகளையும் இணைக்காதே, சூடாகிவிடும். சுவரிலுள்ள பிளக் பக்கமே போகாதே. அங்கே இருப்பது 230 வோல்ட். திருவிழா சீரியல் செட்டையும் பிரிக்கக் கூடாது.

நம் ஊர் நெம்மேலியில் பல்பு எரியாவிட்டால் பேட்டரி தீர்ந்துவிட்டது என்று உடனே தூக்கிப் போடாதே. நமக்குக் கடல் கூப்பிடு தூரம். உப்புக் காற்று பட்டுப் பட்டுச் செம்புக் கம்பி கறுத்து, பச்சை பூத்துவிடும். டார்ச் ஸ்பிரிங் துருப்பிடிக்கும். மின்சாரம் அங்கேயே நின்றுவிடும். தொடும் இடங்களையெல்லாம் உப்புத்தாளால் பளிச்சென்று தேய். பெரும்பாலும் அதிலேயே எரிந்துவிடும்.

இணைப்பைத் துருவேற்றிக் கெடுக்கும் அதே உப்பு, தண்ணீரில் கரைந்தால் மின்சாரத்துக்கு வழிவிடும். இதற்கு டார்ச் பல்பு சரிப்படாது, அது நிறைய மின்னோட்டம் கேட்கும். சிவப்பு எல்இடி எடுத்துக்கொள். நான்கு பென்சில் பேட்டரிகளை வரிசையாக இணைத்தால் 6 வோல்ட். நேர்முனையிலிருந்து 220 ஓம் ரெசிஸ்டர், அடுத்து எல்இடியின் நீளமான கால். குட்டைக் காலிலிருந்து ஓர் ஆணி, பேட்டரியின் எதிர்முனையிலிருந்து இன்னொரு ஆணி. இரண்டையும் ஒன்றையொன்று தொடாமல் டம்ளர் தண்ணீரில் இறக்கு. ரெசிஸ்டரை விட்டுவிட்டால் எல்இடி கருகலாம். காற்றோட்டமான இடத்தில், கொஞ்ச நேரம் மட்டும் செய். அந்தத் தண்ணீரைக் குடிக்காதே.

கடல் தண்ணீரில் எல்இடி நன்றாக எரியும். உப்பு குறைந்த கேன் தண்ணீரில் எரிவதே தெரியாது. லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்புள்ள கடல்நீரைச் சவ்வு வழியே அழுத்தித் தள்ளிக் குடிநீராக்குகிற ஆலை நம் ஊரிலேயே இருக்கிறது. 2013-இல் தொடங்கியபோது அதன் திறன் நாளுக்கு 10 கோடி லிட்டர். 2024-இல் திறந்த இரண்டாவது ஆலைக்கு 15 கோடி. தண்ணீரில் எவ்வளவு உப்பு மிச்சம் என்று காட்டும் டிடிஎஸ் மீட்டரும் மின்சாரம் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்பதைத்தான் அளக்கிறது.

அடுத்து உங்கள் வீட்டு போர் தண்ணீர், பக்கத்துத் தெருக் கிணற்றுத் தண்ணீர், மழைத் தண்ணீர் என்று ஒவ்வொன்றாகச் சோதி. ஆணிகளின் இடைவெளியும் ஆழமும் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி இருக்கட்டும். இல்லாவிட்டால் ஒப்பிட முடியாது. வெளிச்சம் கூடிய வரிசையில் எழுதி வை. கிருமி இருப்பதை எல்இடி காட்டாது, அதனால் மங்கலாக எரிகிறதே என்று எந்தத் தண்ணீரையும் குடித்துவிடாதே. முடிந்ததும் ஆணிகளை நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து, பேட்டரிகளைக் கழற்றி மூடிய டப்பாவில் போடு.